கலிபா விழுங்கிய சொல்

கலிபா என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. எட்டு வருஷம் ஒரே முற்றத்தில் குடியிருந்தோம். எனக்குப் பிரசவ வலி கண்ட அன்று பனியில் நடந்துபோய், பண்ணை டிராக்டரை மறித்து, டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டி, என்னை ஏற்றிவிட்டவள் அவள்தான். என் மகள் பெகாயிமை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தச் சைக்கால் நன்றி கெட்டவள் என்று பேச எங்கள் கூட்டுப்பண்ணையில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அவள் எனக்குச் செய்தது ஒரே ஒரு காரியம். நான் சொன்னதிலிருந்து ஒரு சொல்லை எடுத்து விழுங்கிவிட்டாள். அந்த ஒரு சொல்லில் என் மகளின் பள்ளிக்கூடம் இருந்தது.

எங்கள் மலைப்பக்கத்தில் மருமகளாக வந்தவள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் கணவன் பெயரையும் சொல்லக் கூடாது. பெயரோடு நின்றால் பரவாயில்லை. பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. என் மாமியார் பெயர் அல்மாகன். எங்கள் பேச்சில் ஆப்பிளுக்கு அல்மா என்று பெயர். ஆகவே எனக்கு ஆப்பிள் கிடையாது. மாமனார் பெயர் கோய்ச்சுபாய். கோய் என்றால் ஆடு. ஆகவே எனக்கு ஆடு கிடையாது. ஊரே ஆடு மேய்த்துப் பிழைக்கிற இடத்தில் ஆடு என்று சொல்லாமல் எட்டு வருஷம் குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும். கலிபாவின் கணவர், அதாவது வீட்டுக்கு மூத்தவர், பல்தாபாய். பல்தா என்றால் கோடரி. அதுவும் போயிற்று. இந்தப் பெயர்களை இப்போது எழுதும்போதுகூட என் கை ஒருமுறை நின்றுதான் நகர்கிறது.

சொல் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. வந்த புதிதிலேயே நான் வேறு பெயர்கள் வைத்துக்கொண்டேன். ஆப்பிள் செங்கன்னி ஆயிற்று. ஆடு கத்துவான். கோடரி பிளப்பான். மாமியாருக்கு என் பெயர்கள் பிடித்துப்போயின. "சின்னவளுக்கு நாக்குல தேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். கலிபாவும் வீட்டில் என் பெயர்களையே எடுத்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்தவள், பள்ளிக்கூடத்தில் பெகாயிமும் போகும் சின்னப் பிள்ளைகளின் ஆயத்த வகுப்பை நடத்துகிறவள், ரஷ்ய மொழி தண்ணீர்பட்ட பாடு. ரஷ்ய மொழியில் ஆப்பிளுக்கு யாப்லகா. அதில் எந்த மாமியாரும் ஒளிந்திருக்கவில்லை. வெளியே போனால் அவள் யாப்லகா என்பாள். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் செங்கன்னி என்பாள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் பால் கறக்கிறவள். மாடுகளுக்கு ரஷ்ய மொழி தேவைப்படவில்லை.

பெகாயிம் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்ததால் என் சொற்களையே பேசினாள். மகளுக்கு இந்தத் தடை கிடையாது, மருமகளுக்குத்தான். அது அவளுக்கும் தெரியும். ஒருநாள் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்: "என் அல்மாவைக் குடுடி!" நான் வாளியோடு திரும்பி வருவதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "என் செங்கன்னியைக் குடுடி" என்று மாற்றிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த வீட்டில் நான் தனியாக மருமகளாக இல்லை. என்னோடு சேர்ந்து இன்னொருத்தியும் சின்னதாக ஒரு மருமகளாக இருந்தாள்.

பெகாயிம் ஒண்ணாம் வகுப்பு சேரவேண்டிய வருஷம், வசந்தத்தில் கலிபா அடிக்கடி என் வீட்டுக்கு வந்தாள். என் கணவர் ஆடுகளோடு மேல் மேய்ச்சலுக்குப் போயிருந்தார். அவள் வருவதே எனக்குப் பெரிய ஆறுதல். பால் ஊற்றிய உப்புத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு கேட்பாள்.

"பெகாயிம் வீட்ல எப்படிடி? தனியா விளையாடுவாளா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க அக்கா. சாயம் பூசின விளையாட்டு எலும்புக்காய்களை வரிசையா அடுக்கி வெப்பா. சிவப்பு ஒருபக்கம், வெள்ளை ஒருபக்கம். நான் தெரியாம ஒண்ணைத் தட்டிவிட்டேனோ போச்சு, வீடே இடிஞ்ச மாதிரி அழுவா."

"அப்படியா? எவ்வளவு நேரம் அழுவா?"

"ஒரு கெட்டில் கொதிக்கிற நேரம்."

"தனக்குத்தானே பேசுவாளா?"

"கன்னுக்குட்டிகிட்டப் பேசுவா. கன்னுக்குட்டி இல்லேன்னா சுவத்துகிட்ட." சொல்லிவிட்டு நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். ஊருக்கே தெரியட்டும், ஒரு பெண் தன் பிள்ளையைப் பற்றி இன்னொருத்தியிடம் சொல்லிச் சிரிப்பதைவிட நிம்மதியான நேரம் உலகத்தில் இல்லை. என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: எவ்வளவு நேரம் அழுவாள் என்று எந்தப் பெரியம்மாவாவது கேட்பாளா? அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் அவள் சொன்னாள்: "வியாழக்கிழமை வட்டாரத் தலைநகருக்கு டாக்டருங்க வர்றாங்க. செப்டம்பர்ல ஒண்ணாம் வகுப்பு சேர்ற பிள்ளைங்களைப் பார்ப்பாங்க. சும்மா ஒரு சம்பிரதாயம். நான்தான் மொழிபெயர்க்கப் போறேன். பெகாயிமைக் கூட்டிக்கிட்டு வந்துடு."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்னக்கா கவலை" என்றேன். இதையும் என் வாயாலேயே சொன்னேன்.

மாமனார் வண்டி பூட்டினார். பெகாயிமுக்கு வெள்ளை ரிப்பன் கட்டினேன். வழியெல்லாம் அவள் நூறு வரைக்கும் எண்ணிக்கொண்டே வந்தாள். தவறாமல் எண்ணினால் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்கு முதலில் ஏதோ உறுத்தியது. ஒண்ணாம் வகுப்பு சேரப்போகிற பிள்ளைகள் எங்கள் பண்ணையிலேயே முப்பது பேர். அங்கே இருந்ததோ ஐந்து பேர். ஒருவனுக்குக் காது கேட்கவில்லை. ஒரு பெண் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தாள். ஒருவன் தலையைச் சுவரில் மெதுவாக முட்டிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா தன் உள்ளங்கையை நடுவில் வைத்திருந்தாள். அவள் என் மகளின் ரிப்பனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "உங்க பொண்ணுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே" என்றேன்.

"ஆமா, எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள் அவள், பாவமாக.

கூப்பிட்டார்கள். மாமனார் கதவுக்கு வெளியே பெஞ்சிலேயே இருந்துகொண்டார். உள்ளே காற்றில்லாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அவருடைய பூட்ஸ் நுனி எனக்குத் தெரிந்தது.

நகரத்திலிருந்து வந்த டாக்டரம்மா பெயர் வேரா பிளத்தோனவ்னா. வயதானவள், களைத்த கண்கள். பக்கத்தில் எழுதுவதற்கு ஓர் இளைஞன். மேசையின் ஓரத்தில் கலிபா, பச்சைக் கோட்டும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பெகாயிம் நான் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினாள். பெரியவர்கள் கண்ணை நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நல்ல வீட்டுப் பெண் அப்படித்தான் நிற்க வேண்டும். இளைஞன் ஏதோ எழுதினான். டாக்டரம்மா பெயர் கேட்டாள், வயது கேட்டாள். பெகாயிம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பொறுத்து, மரியாதையாகப் பதில் சொன்னாள். டாக்டரம்மாவின் கையில் இருந்த கடிகாரம் அந்தக் கொஞ்சத்தை அளந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு படங்கள். பூனை, வீடு, பசு எல்லாம் சொன்னாள். அடுத்தது ஆப்பிள்.

"பெகாயிம், இது என்ன?" என்றாள் கலிபா.

பெகாயிம் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் சாகும்வரை மறக்க முடியாது. என்ன சொல்லட்டும் என்று கேட்டாள் குழந்தை. நான் தலையாட்டினேன். பாவி, நான்தான் தலையாட்டினேன். கலிபாதான் இருக்கிறாளே, அவள் விளக்கிவிடுவாள் என்ற தைரியம்.

"செங்கன்னி" என்றாள் பெகாயிம்.

கலிபா டாக்டரம்மா பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் என்னவோ சொன்னாள். சின்னதாகத்தான் சொன்னாள். அடுத்த படம்: கத்துவான். அதற்கடுத்தது: பிளப்பான். இளைஞனின் பேனா ஓயவில்லை.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து அவள் கேட்க, கலிபா எனக்குத் திருப்பிச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"எலும்புக்காய்களை நிறம் பார்த்து அடுக்குவாளாமே, யாராவது கலைச்சா ரொம்ப நேரம் அழுவாளாமே, உண்மையான்னு கேக்கறாங்க."

"ஆமா" என்றேன்.

"சுவரோட பேசுவாளாமே."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவை என் சொற்கள். என் தேநீரோடு அவள் குடித்துவிட்டுப் போன சொற்கள். தாளைப் பார்த்தேன். எனக்கு ரஷ்ய மொழி படிக்க வராது, ஆனால் கலிபாவின் கையெழுத்து தெரியும். என் கணவருக்கு நான் அனுப்பும் கடிதங்களின் மேல் முகவரி எழுதித் தருகிறவள் அவள்தானே.

டாக்டரம்மா கெட்டவள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் நேராகப் பேசினாள், கலிபா மாற்றிச் சொன்னாள்: "ஒரு பிள்ளை ஒரு நாள் ஏதோ வித்தியாசமா செஞ்சா அது ஒண்ணும் கோளாறு இல்லை. எத்தனை நாளா செய்யுது, எத்தனை தடவை செய்யுது, அந்த வயசுப் பிள்ளைங்க மத்தவங்களும் செய்யறாங்களா, வெளியில மட்டுமா வீட்லயுமா, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு சொல்லணும். அதனால யோசிச்சு பதில் சொல்லுங்க. இந்தப் பொருளுக்கெல்லாம் வீட்லயும் இப்படித்தான் பேர் சொல்றாளா?"

நியாயமான கேள்வி. நான் யோசித்தே பதில் சொன்னேன்.

"வீட்லயும் இப்படித்தான் சொல்லுவா. நானும் இப்படித்தான் சொல்லுவேன்."

கலிபா மொழிபெயர்த்தாள். எனக்கு ரஷ்ய மொழியில் பத்து சொல் தெரிந்தால் அதிகம். ஆனால் ஒரு சொல் எங்கள் பண்ணையில் பேசத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்: தோஜெ. கடை லாரி வரும்போது வரிசையில் நின்று, முன்னால் இருப்பவள் சோப்பு கேட்டால் நாமும் கையை நீட்டி தோஜெ என்போம். எனக்கும் என்று அர்த்தம். நானும் என்றாலும் அதே சொல்தான். அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். கலிபா வாக்கியத்தை முடித்துவிட்டாள். தோஜெ வரவில்லை.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினாள். கலிபாவின் குரல் தேன் மாதிரி இருந்தது.

"பயப்படாதே சைக்கால். பக்கத்து மாவட்டத்துல இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்குன்னு விடுதிப் பள்ளிக்கூடம் இருக்கு. வெள்ளைப் படுக்கை, மூணு வேளை சூடான சாப்பாடு. லீவுக்கு வீட்டுக்கு வந்துடுவா. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"அக்கா, நானும்னு சொன்னேனே. அதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்டி."

"சொல்லலை. தோஜெ வரலை."

அவள் கழுத்து சிவந்தது. ஆனால் குரல் மாறவில்லை. "மானத்தை வாங்காதே. நாலு பேர் பார்க்கறாங்க. கையெழுத்தைப் போடு, வீட்ல போய் பேசிக்கலாம்."

எட்டு வருஷம். பிரசவத்துக்கு டிராக்டர் மறித்தவள். நான் எழுந்து நின்று, நெஞ்சில் அடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழி முழுவதையும் கொட்டினேன்: "யா தோஜெ! யா தோஜெ!" நானும், நானும்.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆப்பிள் படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

கதவுக்கு வெளியே பூட்ஸ் நுனி. என் வாய் பழக்கத்தில் போயிற்று. "செங்கன்னி" என்றேன்.

இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். டாக்டரம்மா அவனிடம் மெதுவாக ஏதோ சொல்ல, அவன் என் மகளின் தாளில் அதையும் எழுதினான். அவள் கண்ணில் இருந்தது இரக்கம். அந்த இரக்கத்தைப் பார்த்ததும் என்ன எழுதினான் என்று கேட்காமலே புரிந்தது. அம்மாவும் இப்படித்தானாம். பரம்பரையாக வருகிறதாம். மகளைக் காப்பாற்ற எழுந்தவள் மகளோடு சேர்ந்து அந்தத் தாளில் விழுந்துவிட்டேன்.

"யாப்லகா" என்றேன் அவசரமாக.

டாக்டரம்மா மறுத்துத் தலையசைத்தாள், ஏதோ சொன்னாள். கலிபா திருப்பிச் சொன்னாள்: "உன் மொழியில சொல்லணுமாம். பிள்ளை படிக்கப்போறது நம்ம மொழியிலதானே." சொல்லிவிட்டு முதன்முறையாக என் கண்ணைப் பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் வேறு யார் இருக்கிறார்கள்.

"அல்மா" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே பூட்ஸ் பின்னுக்குப் போயிற்று. பெகாயிம் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து என் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள்.

"அம்மா! அது பாட்டி பேரு! சொல்லக் கூடாது! நீதானே சொன்னே! தாத்தா வெளிய இருக்காரு, அவருக்குக் கேட்டுடுச்சு!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்குக்கூடத் தெரியும் அல்மான்னு! நான் சொன்னேனா? அவங்க அத்தனை தடவை கேட்டாங்களே, நான் சொன்னேனா? நீ சொல்ல மாட்டேன்னுதானே நானும் சொல்லலை!"

தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை ஒரே மூச்சில் இவ்வளவும் பேசியதும் டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன சொல்கிறாள் என்று கலிபாவைக் கேட்டாள்.

"நிச்சிவோ" என்றாள் கலிபா.

அதுவும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஒன்றுமில்லை.

பிறந்தவுடன் கையில் வாங்கிய பிள்ளை, கண்ணெதிரில் அழுதுகொண்டு அத்தனையும் சொல்கிறது. ஒன்றுமில்லையாம். முதலில் ஒரு சொல்லைத்தான் விழுங்கினாள். அதைப் பயம் என்று நினைத்துக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

ஆனால் டாக்டரம்மா நாற்பது வருஷம் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு எங்கள் மொழி தெரியாது, காது இருந்தது; மருமகள்கள் பெயர் சொல்லாத வழக்கத்தை எங்கேயோ கேட்டுமிருப்பாள். நான் சொன்ன அல்மா பிள்ளையின் கூச்சலிலும் வந்ததும், அதற்காக அவள் என் வாயைப் பொத்தியதும் அவளுக்குப் போதுமாக இருந்தன. பெகாயிமின் விண்ணப்பத்தை எடுத்தாள். அதில் குடும்பத்தினர் பெயர்கள் வரிசையாக இருந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். நின்றாள்.

"அல்மா...கன்" என்று படித்தாள்.

ஆட்டுப் படத்தை என்னிடம் காட்டினாள். இனி எனக்கென்ன. "கோய்" என்றேன். பெகாயிம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விரல் ஒரு வரி மேலே போயிற்று: கோய்ச்சுபாய். அடுத்து கோடரி. அதை அவள் என்னிடம் காட்டவில்லை. அதே வரிசையில் பெயர் இருந்த கலிபாவிடம் காட்டினாள்.

"தபோர்" என்றாள் கலிபா, ரஷ்ய மொழியில்.

டாக்டரம்மா படத்தை இறக்கவில்லை. கலிபா கதவைப் பார்த்தாள். மாமனாரின் இருமல் கேட்டது. அவள் உதடு பிரிந்து மூடியது. அந்தப் பெயர்களை எல்லாம் விண்ணப்பத்தில் மையால், அழகான எழுத்தில் எழுதியதும் அவள்தான். எழுத முடிந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

டாக்டரம்மா படத்தை மேசையில் வைத்தாள். என் மகளின் தாளை எடுத்துக் குறுக்காக ஒரு கோடு போட்டாள். புதிய தாளில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்தி, கலிபாவிடம் கொடுக்காமல் எழுந்து வந்து என் கையில் கொடுத்தாள். பெகாயிமைக் காட்டி ஒரு விரலை நிமிர்த்தினாள்: ஊர்ப் பள்ளிக்கூடம், ஒண்ணாம் வகுப்பு.

ஆஸ்பத்திரி முற்றத்தில் குழாயடியில் கலிபா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றதைக் கேளுடி. மார்ச்ல இன்ஸ்பெக்டர் என் வகுப்புக்கு வந்தாரு. உன் பொண்ணு ஆப்பிளைக் காட்டி செங்கன்னின்னா. அவரு சிரிச்சுக்கிட்டே, இது என்ன பாஷைன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? எங்க வீட்ல மருமகளுங்க பேர் சொல்ல மாட்டோம்னா? இலையுதிர் காலத்துல எனக்குக் கட்சி உறுப்பினர் அட்டை வருது. பழைய காலத்துப் பழக்கத்தைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கற டீச்சர்னு ஒரு வரி எழுதினா போதும். அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கோளாறுன்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துடுச்சு. அப்புறம் அவரு எழுதிக்கிட்டாரு, லிஸ்ட்ல பேர் வந்துடுச்சு, நான் எப்படிப் பின்வாங்கறது?"

"என் வீட்ல வந்து உக்காந்து தேநீர் குடிச்சது?"

"அறிக்கை எழுதணும்னு கேட்டாங்க. இல்லாததை நான் ஒண்ணும் எழுதலையே. நீ சொன்னதைத்தானே எழுதினேன்."

"பிள்ளையை விடுதியில விட்டுட்டு எப்படிக்கா அத்தை முன்னாடி வந்து உக்காருவீங்க?"

"அங்க நல்லாத்தான் பாத்துக்குவாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வீட்ல சொல்லிடாதே, சைக்கால்."

நான் அவள் கையைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினேன். மாமனார் வழியெல்லாம் குதிரையோடு மட்டும் பேசினார். பெகாயிம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் நூறு வரைக்கும் எண்ணியவள், திரும்பும்போது எண்ணவே இல்லை.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை, அதற்குள் வேறொன்று வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் எல்லோரும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஏரிக்கரையிலிருந்து மாமியாரின் தம்பி இலையுதிர் காலத்தில் அனுப்பிய ஆப்பிள்கள், வைக்கோலில் கிடந்து தோல் சுருங்கியவை, தட்டில் இருந்தன. மாமியார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஆஸ்பத்திரியில என் பேரையும் உங்க மாமா பேரையும் ஏலம் விட்டாச்சாமே. நல்லது. அடுத்த வாரம் ரேடியோவுல சொல்லிடலாம்."

மாமனார் கிண்ணத்தைப் பார்த்தார். நான் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டேன். டாக்டரம்மாவின் முத்திரை குத்திய தாள் என் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து விரிப்பின் மேல் போட்டால் என்ன என்று நினைத்தேன். எடுத்துப் படித்துச் சொல்ல அந்த வீட்டில் ரஷ்ய மொழி தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பச்சைக் கோட்டைக் கழற்றிவிட்டு, கொண்டையை மறைத்துத் தலைத்துணி கட்டியிருந்தாள். "அத்தே, செங்கன்னி நறுக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்டாள்.

"நறுக்கும்மா" என்றார் மாமியார். "இந்த வீட்ல மரியாதை தெரிஞ்சவ நீ ஒருத்தியாவது இருக்கியே."

கலிபா தலை குனிந்து நறுக்கினாள். அக்டோபரில் அவளுக்கு அந்தக் கட்சி அட்டையும் கிடைத்தது. எங்கும் அவளுக்குக் குறையில்லை.

நான் ஒரு துண்டை எடுத்து மகளிடம் நீட்டினேன். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. குரலை எவ்வளவு மெதுவாக வைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டேன்: "கண்ணு, செங்கன்னி சாப்பிடறியா?"

பெகாயிம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தரையைப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணுக்குள். காலையில் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நான் கலிபாவை எப்படிப் பார்த்தேனோ அப்படி.

"அது அல்மா" என்றாள். "நீ சொல்லிட்டே இல்ல. இனிமே நானும் சொல்லுவேன்."

பிறகு எழுந்து, விரிப்பைச் சுற்றிக்கொண்டு போய், கலிபாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையிலிருந்து ஒரு துண்டை வாங்கிக்கொண்டாள்.